காலை ஐந்தரை மணிப் பாலும் ஆண்ட்ராய்டு 7-உம்: பழைய பதிப்புகளுக்குச் செயலி எழுதும் முறை

என் மேசை ஓரத்தில் மூன்று பழைய போன்கள் எப்போதும் கிடக்கும். ஒன்றில் ஆண்ட்ராய்டு 6, இன்னொன்றில் 7.0, மூன்றாவதில் 8.1 கோ பதிப்பு. 7.0 போனின் பின்மூடி நிற்காது. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த மூலைக்குப் பழைய இரும்புக் கடை என்று பெயர். பழைய பதிப்புகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்தக் கடையில்தான் கற்றேன். மீதியைக் காலை ஐந்தரை மணிக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கற்றுக்கொடுத்தன.

தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் பால் கொள்முதல் நிலையங்கள் பயன்படுத்தும் ஒரு செயலியை நான் பராமரிக்கிறேன். விடியற்காலையில் பால் ஊற்ற வருபவர்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். நிலையப் பொறுப்பாளர் எடை போட்டு, கொழுப்பும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவும் பார்த்துச் செயலியில் பதிவார். கையகலப் பிரிண்டரில் சீட்டு வரும். அடுத்த ஆள். அந்தப் பொறுப்பாளர்களில் பலர் கையிலிருக்கும் போன் கடையில் வாங்கியதல்ல. மகனோ மருமகனோ புதிது வாங்கியபோது கைமாறி வந்தது. "இந்தக் காலத்தில் ஆண்ட்ராய்டு 7 யார் வைத்திருக்கிறார்கள்?" என்று நகரத்து நண்பர்கள் கேட்கும்போது, எனக்குச் சம்பளம் வருவதற்குக் காரணமானவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வேன்.

யாரும் எதையும் தொடாமலே உடைந்த நாள்

2024 மார்ச்சில் ஒரு நாள். நால்ரோடு நிலையத்து அக்கா அழைத்தார். "தம்பி, சீட்டெல்லாம் வருகிறது. மேலே அந்த மேகப் படம் மட்டும் சிவப்பாகவே நிற்கிறது."

மேகம் சிவப்பாக இருந்தால் பதிவுகள் சர்வருக்குப் போகவில்லை என்று பொருள். அரை மணிக்குள் இன்னும் நான்கு நிலையங்களிலிருந்து அதே புகார். மற்ற நிலையங்கள் அமைதியாக இருந்தன. நாங்கள் புதிய பதிப்பு வெளியிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சர்வரை யாரும் தொடவில்லை. சர்வர் பதிவேட்டைப் புரட்டினால் அதில் பிழை ஒன்றுமில்லை. அந்த ஐந்து போன்களும் வாசல்வரைகூட வந்துசேரவில்லை. என் போனில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. என்னுடையது ஆண்ட்ராய்டு 14.

பைக்கை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் போனைக் கேபிளில் மாட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் முந்தைய நாள் இரவு தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிய சான்றிதழைக் கையொப்பமிட்டவரின் வேர்ச் சான்றிதழ் (யாரை நம்பலாம் என்று போனுக்குள் முன்கூட்டியே வைக்கப்படும் அடையாளம்) அந்தப் போனுக்குத் தெரியாது. தெரியாதவரை நம்ப மறுத்து இணைப்பைத் துண்டித்துவிட்டது.

விவரம் இதுதான். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சொந்த வேர்ச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் போன்களில் இருக்கிறது. அதற்கு முந்தைய போன்களுக்காக, அவற்றுக்குத் தெரிந்த இன்னொரு பழைய வேர் அளித்த சாட்சியை, அதாவது குறுக்குக் கையொப்பத்தையும் அவர்கள் சேர்த்து அனுப்பிவந்தார்கள். 2024 பிப்ரவரி 8-ஆம் தேதியோடு அதைத் தாமாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். செப்டம்பர் 30-ஆம் தேதி அந்தக் குறுக்குக் கையொப்பமே காலாவதியானது. இவை அனைத்தையும் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். படிக்காமல் விட்டது நான்.

பால் நிற்கவில்லை, பதிவுகள் முதலில் போனில் சேமிக்கப்பட்டு, பிறகே சர்வருக்குப் போகும்படி எழுதியிருந்தோம். அன்று தப்பித்தது அதனால்தான். ஆனால் பழைய பதிப்பை ஆதரிப்பது என்றால் நிரலில் நான்கு நிபந்தனைகள் எழுதுவது என்று அதுவரை நான் வைத்திருந்த எண்ணம் அன்றோடு போயிற்று. நிரல் எழுதியபடியே இருந்தாலும் அதைச் சுற்றியிருப்பவை நகர்ந்துவிடுகின்றன: சான்றிதழ், வெப்வியூ (செயலிக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதி), லைப்ரரி (பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்பு), தரவுத்தளம். பழைய போனால் அவற்றோடு சேர்ந்து நகர முடிவதில்லை.

இதே சிக்கல் உங்களுக்கு வந்தால் செய்ய வேண்டியது: பழைய போன்களுக்கும் தெரிந்த வேரை உடைய வேறொரு சான்றிதழை உடனே சர்வரில் போடுங்கள். பயனர் கையில் எதையும் மாற்றாமல் அன்றே தீரும் வழி அதுதான். பிறகு நிதானமாகச் செயலிக்குள்ளேயே அந்த வேர்ச் சான்றிதழைச் சேர்த்து வெளியிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த வேரை நம்பலாம் என்று எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைக்கும் வசதி ஏபிஐ 24-இல், அதாவது ஆண்ட்ராய்டு 7.0-இல்தான் வந்தது (ஏபிஐ எண் என்பது ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கான வரிசை எண்). ஆண்ட்ராய்டு 6 அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. அந்தப் போன்களுக்கு ஓகேஎச்டிடிபி போன்ற லைப்ரரியில், இணைப்பை உருவாக்கும் இடத்திலேயே, நிரல் வழியாக வேரைச் சேர்க்க வேண்டும். நான் முதலில் எக்ஸ்எம்எல்லை மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

மூன்று எண்கள்

செயலியைத் தொகுக்கும் கருவியான கிரேடிலின் கோப்பில் மூன்று எஸ்டிகே எண்கள் இருக்கின்றன. மூன்றும் ஏபிஐ எண்களே. புதிதாக வருபவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள். அவற்றில் குறைந்தபட்ச எண்ணை ‘மின்எஸ்டிகே’ என்று தமிழில் எழுதினால் மின்சார வாரியத்தின் கிளை அலுவலகம் போலத் தெரிகிறது. ஆகவே அதைக் கீழெல்லை என்றே எழுதுகிறேன்.

கீழெல்லை: இதற்குக் கீழுள்ள போன்களில் செயலியை நிறுவ முடியாது. ஒருவரைக் கைவிடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் ஒரே எண் இதுதான். கம்பைல் எண்: நிரலைத் தொகுக்கும்போது எந்தப் பதிப்பின் வசதிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது. டார்கெட் எண்: எந்தப் பதிப்பின் விதிகளுக்குச் செயலி கட்டுப்படுகிறது என்று நாம் கொடுக்கும் ஒப்புதல்.

டார்கெட்டைப் பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் உயர்த்தச் சொல்லும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் ஏபிஐ 35-ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டுப் பயந்து கீழெல்லையையும் சேர்த்து உயர்த்தியவர்களை எனக்குத் தெரியும். தேவையே இல்லை. டார்கெட் 35, கீழெல்லை 23 என்று ஒரே செயலி நிம்மதியாக இருக்கலாம்.

கீழெல்லையை எங்கே வைப்பது

செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் புதிய திட்டம் தொடங்கும்போது எந்தப் பதிப்பை உலகில் எத்தனை விழுக்காட்டினர் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை காட்டும். அது உலகத்தின் கணக்கு. உங்கள் பயனர்களின் கணக்கு, செயலி வெளியிடுபவர்களுக்கான பிளே கன்சோல் தளத்தில் இருக்கிறது. அதையும் நான் அரைகுறையாகவே நம்புவேன். ஒருமுறை நிறுவிவிட்டு மறந்தவர்களும் அதில் கலந்திருக்கலாம். எங்கள் செயலி சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் போனின் ஏபிஐ எண்ணையும் செயலியின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு வரி வேலை. மாதக் கடைசியில் சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் இன்று காலை யார் எந்தப் பதிப்பில் பால் அளந்தார்கள் என்று தெரிந்துவிடும். இன்னும் செய்யாதவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

தலைகளை மட்டும் எண்ணக் கூடாது. விளையாட்டுச் செயலியில் ஒரு பழைய போன் போனால் ஒரு பயனர் போகிறார். எங்கள் செயலியில் ஒரு போன் நின்றால் அந்த நிலையத்தில் பால் ஊற்றும் அத்தனை வீடுகளின் கணக்கும் நிற்கும்.

எண்ணை வைக்கும்போது படிக்கட்டின் உயரமான படிகளைப் பாருங்கள். ஏபிஐ 23-இல், அதாவது ஆண்ட்ராய்டு 6-இல், அனுமதி கேட்கும் முறையே மாறியது. அதற்குமுன் நிறுவும்போதே எல்லா அனுமதியும் கொடுத்தாகிவிடும், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 24-இல் மேலே சொன்ன சான்றிதழ் கோப்பு. 26-இல், அதாவது ஆண்ட்ராய்டு 8-இல், அறிவிப்புகளுக்கான சேனல்கள், பின்னணி வேலைகளுக்கான கட்டுப்பாடுகள், ஜாவாவின் புதிய தேதி-நேர வகுப்புகள். 21-லிருந்து 22-க்கு உயர்த்தினால் ஆட்களை இழப்பீர்கள், வேலை ஒன்றும் குறையாது. உயர்த்துவதென்றால் ஒரு படி முழுமையாக ஏறும்படி உயர்த்துங்கள்.

சில சமயம் முடிவு நம் கையில் இருக்காது. செயலிகளுக்குக் கூகுளின் சேவைகளைத் தரும் பின்னணி மென்பொருளான கூகுள் பிளே சர்வீசஸ் 2023 ஆகஸ்டில் கிட்கேட்டை, அதாவது ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டது. கூகுள் தரும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரிகளின் புதிய வெளியீடுகள் 2025 நடுவிலிருந்து ஏபிஐ 23-ஐக் கீழெல்லையாக எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் ஏறிய பிறகு நீங்கள் கீழேயே நின்றால், பழைய லைப்ரரிப் பதிப்போடு உறைந்துபோக வேண்டியிருக்கும். கிரேடில் கோப்பில் அந்தச் சோதனையை மீறிப் புதிய லைப்ரரியைப் பழைய கீழெல்லையோடு தொகுக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போகாதீர்கள். தொகுப்பு நன்றாக முடியும். விடியற்காலையில் யாராவது அழைப்பார்கள்.

பிரிண்டர்: நிபந்தனை எழுதாமல் தப்பிக்கும் கலை

பதிப்பைச் சோதித்துக் கிளை பிரிப்பது எளிது. எளிதாக இருப்பதாலேயே நிரல் முழுக்க அதைத் தூவிவிடுகிறோம். எங்கள் சீட்டுப் பிரிண்டர் புளூடூத்தில் இயங்குவது. அதைத் தேடிக் கண்டுபிடித்து இணைக்கும் திரையை ஒருகாலத்தில் நானே எழுதிவைத்திருந்தேன். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேட இருப்பிட அனுமதி வேண்டும். 10-லும் 11-லும் துல்லியமான இருப்பிடமே வேண்டும். 12-இல் இருப்பிடத்தை விட்டுவிட்டுத் தேடுவதற்கு ஒன்று, இணைப்பதற்கு ஒன்று என்று தனி அனுமதிகள் வந்தன. ஆக ஒரே திரைக்கு நான்கு வழிகள். போதாததற்கு, "பால் சீட்டு அடிக்க நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியில் அந்தத் திரையையே எடுத்துவிட்டேன். போனின் சொந்த அமைப்புகளுக்குப் போய்ப் பிரிண்டரை ஒருமுறை இணைத்துக்கொள்ளச் சொல்லும் படம் போட்ட பக்கம் ஒன்றை வைத்தேன். ஏற்கெனவே இணைந்த கருவிகளின் பட்டியலைப் படிக்க இருப்பிட அனுமதி தேவையில்லை. 11 வரை பழைய புளூடூத் அனுமதி, அதற்கு ‘ஏபிஐ 30 வரை மட்டும்’ என்ற வரம்பு. 12-க்கு மேல் இணைப்பு அனுமதி. நான்கு வழி இரண்டாகக் குறைந்தது.

மாத அறிக்கையைப் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதிலும் அப்படியே. ஆண்ட்ராய்டு 10-இல் சேமிப்பக விதிகள் மாறியதும், பழையதற்கு ஒரு நிரல், புதியதற்கு ஒரு நிரல் என்று எழுதினேன். எங்கே சேமிப்பது என்று பயனரையே தேர்ந்தெடுக்கவைக்கும் கோப்புத் திரை 4.4-லிருந்தே ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அதற்கு அனுமதியே தேவையில்லை, எல்லாப் பதிப்பிலும் ஒரே நிரல். இரண்டு நிரலையும் அழித்தேன்.

ஆகவே கிளை பிரிக்கும் முன் ஒருமுறை தேடுங்கள்: எல்லாப் பதிப்பிலும் ஓடும் பழைய, சலிப்பான வழி ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் ஆண்ட்ராய்டுஎக்ஸில் ‘கம்பாட்’ (பழைய பதிப்புகளோடும் ஒத்துப்போவது) என்று முடியும் வகுப்பு இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் மட்டும் நீங்களே எழுதுங்கள். அப்படி எழுதுபவை அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். எங்கள் செயலியில் ஏபிஐ எண்ணைக் கேட்கும் வரிகள் ஒரு கோப்பைத் தாண்டி வேறெங்கும் கிடையாது. கீழெல்லையை உயர்த்தும் நாளில் அந்த ஒரு கோப்பைத் திறந்து செத்த கிளைகளை வெட்டினால் போதும்.

ஜாவாவின் தேதி-நேர வகுப்புகளுக்காக மட்டும் 26-க்கு ஏற வேண்டாம். டீஷுகரிங் என்ற வசதியைக் கிரேடிலில் இயக்கிவிட்டால் அந்த வகுப்புகள் செயலியோடு சேர்ந்தே போய், பழைய போன்களிலும் ஓடும்.

லின்ட் பார்ப்பதும் பார்க்காததும்

கீழெல்லையில் இல்லாத ஒன்றை அழைத்தால், நிரலைப் படித்துப் பிழை தேடும் கருவியான லின்ட் சிவப்புக் கோடு போடும். அந்தக் கோட்டை மறைக்க ஒரு குறிப்புச் சொல் உண்டு. அதைப் போடும் ஒவ்வொரு முறையும் ஏன் போடுகிறோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். எழுத முடியவில்லையென்றால் போடும் உரிமை உங்களுக்கு இல்லை.

ஒரு முறை கம்பைல் எண்ணை 35-க்கு உயர்த்தினேன். நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. சர்வருக்கு அனுப்ப வேண்டிய பதிவுகளின் வரிசையிலிருந்து முதலாவதை எடுக்க, நாங்கள் எழுதும் நிரல்மொழியான கோட்லினின் ‘ரிமூவ்ஃபர்ஸ்ட்’ என்ற செயலை அழைத்திருந்தேன். ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த வரி அது. ஆண்ட்ராய்டு 15-இல் ஜாவாவின் பட்டியல் வகைக்கே அதே பெயரில் ஒரு செயல் வந்துவிட்டது. 35-இல் தொகுத்ததும் கோட்லினுடையதை விட்டுவிட்டு ஜாவாவினுடையதோடு அந்த வரி இணைந்துகொண்டது. விளைவு: ஆண்ட்ராய்டு 15 போனில் ஒழுங்காக ஓடும், 14-லும் அதற்குக் கீழேயும் ‘அப்படி ஒரு செயலே இல்லை’ என்று செயலி விழும். பழைய போன் என்றால் ஆறு, ஏழு என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, போன ஆண்டுப் போனும் பழைய போன்தான் என்று அன்று தெரிந்தது. மாற்று எளிது: பூஜ்யமாவது இடத்தில் இருப்பதை நீக்கு என்று எழுதினால் போதும். லின்ட் இதைச் சொல்லத்தான் செய்தது. பழைய எச்சரிக்கைகள் அதிகமாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் மொத்தமாக ஒதுக்கிவைத்த என் கோப்புக்குள் அதுவும் புதைந்துபோயிருந்தது.

லின்ட் பார்க்கவே முடியாத இடம் தரவுத்தளக் கட்டளை. அது வெறும் எழுத்துச் சரம்; தொகுப்பானும் அதற்குள் எட்டிப்பார்க்காது. போனில் இருக்கும் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூலைட் எந்தப் பதிப்பு என்பது ஆண்ட்ராய்டின் பதிப்பைப் பொறுத்தது. ‘இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்ற ஒரே வரிக் கட்டளை எஸ்க்யூலைட் 3.24-இல் வந்தது. ஆண்ட்ராய்டு 9-இல் இருப்பது 3.22, 11-இல் இருப்பது 3.28. அந்தக் கட்டளையை 10-லும் அதற்குக் கீழும் ஓட்டினால் இலக்கணப் பிழை என்று திருப்பிவிடும். முதலில் திருத்திப் பார், எத்தனை வரிசை மாறியது என்று பார், பூஜ்யம் என்றால் சேர் என்று இரண்டு படியாக, ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் எஸ்க்யூலைட்டையே செயலியோடு சேர்த்து அனுப்பும் வழியும் இருக்கிறது. செயலியின் அளவு கூடும். எங்கள் பயனர்களின் போன்களில் இடம் எப்போதும் நிரம்பி வழிவதால் நான் முதல் வழியில் இருக்கிறேன்.

வெப்வியூ இன்னொரு மூலை. உதவிப் பக்கங்களை இணையப் பக்கமாகக் காட்டினால், அதைக் காட்டும் உலாவிப் பொறியும் பழையதாகவே இருக்கும் என்று நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டு 7-க்குக் குரோம் 119-ஓடு புதுப்பிப்பு நின்றது. 8-க்கும் 9-க்கும் 138-ஓடு. நேற்று வந்த சிஎஸ்எஸ் அலங்காரங்களை அங்கே காட்ட முயல வேண்டாம். எங்கள் உதவிப் பக்கம் எழுத்தும் படமும் மட்டும். யாரும் குறை சொன்னதில்லை.

போனை வாங்குங்கள்

கணினியில் போனைப் போல நடிக்கும் எமுலேட்டரில் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகள் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டுங்கள், நல்லது. ஆனால் எமுலேட்டர் உங்கள் மடிக்கணினியின் நினைவகத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். ஒரு ஜிபி நினைவகத்தில், சேமிப்பு நிரம்பி, பின்னணியில் வாட்ஸ்அப் ஓட, திரையில் பால் துளி விழுந்த போன் வேறு. சென்னை போகும்போது ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பழைய போன் கிடைத்துவிடும். உள்ளூரில் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் சொல்லிவைத்தாலும் போதும். வாங்கும்போது ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்து ஆண்ட்ராய்டு பதிப்பைக் கண்ணால் பாருங்கள், 7.0-க்கும் 7.1.1-க்கும் நடுவே என் ஒரு வாரத் தூக்கம் போயிருக்கிறது. பேட்டரி உப்பியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகும் இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதில் நான் செய்பவை: பிளே ஸ்டோரிலிருக்கும் முந்தைய பதிப்பை நிறுவி, இரண்டு நாள் பால் கணக்கைப் பதிந்து, அதன்மேல் புதியதை நிறுவுவேன். வெறும் போனில் புதிதாக நிறுவிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. தரவுத்தள மாற்றம் உடைவது மேலே நிறுவும்போதுதான். பிறகு எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றுவேன். எங்கள் பொறுப்பாளர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ‘பதிவேற்று’ என்ற பொத்தான் ‘பதிவே’ என்று நின்றுவிடும். கடைசியாகப் போனின் தேதியை 2016-க்குத் திருப்புவேன். சார்ஜ் முழுக்க இறங்கிப்போன பழைய போன் எழுந்திருக்கும்போது சில சமயம் ஏதோ ஓர் ஆண்டில் எழுந்திருக்கும். அப்போது சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று இணைப்பு மறுக்கப்படும். அந்த நேரத்தில் ‘இணையம் இல்லை’ என்று காட்டாமல் ‘போனின் தேதியைச் சரிபாருங்கள்’ என்று காட்டினால் ஓர் அழைப்பு மிச்சம்.

ஐபோன் பக்கம்

பால் பண்ணை மேலாளர்களுக்காக ஒரு சின்ன ஐபோன் செயலியும் இருக்கிறது. அங்கே பாடு குறைவு. டிப்ளாய்மென்ட் டார்கெட் என்பதுதான் கீழெல்லை. அதைத் தாண்டிய வசதியைப் பதிப்புச் சோதனை இல்லாமல் அழைத்தால் ஐபோன் செயலி எழுதும் மொழியான ஸ்விஃப்ட் தொகுக்கவே மறுத்துவிடும். ஐபோன் 6எஸ்-உம் 7-உம் ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டவை. திரைகளுக்கிடையே நகர உதவும் ஸ்விஃப்ட்யூஐயின் நேவிகேஷன்ஸ்டாக் 16-இல் வந்தது. அந்தப் போன்களை வைத்திருக்க வேண்டுமானால் பழைய நேவிகேஷன்வியூவோடு இன்னும் கொஞ்ச காலம் குடித்தனம் நடத்த வேண்டும். ஒரு நல்ல வசதி: பழைய ஐபோனில் ஏற்கெனவே வாங்கிய செயலியை மறுபடி இறக்கினால், அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பைத் தரட்டுமா என்று ஆப் ஸ்டோரே கேட்கும்.

விடைகொடுக்கும் முறை

என்றாவது ஒருநாள் கீழெல்லையை உயர்த்தத்தான் வேண்டும். நான் 23-லிருந்து 24-க்கு ஏறியபோது செய்த பெரிய தவறு, கட்டாயப் புதுப்பிப்புத் திரை. ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பித்தால்தான் தொடரலாம்’ என்று வழியை மறிக்கும் திரை. ஆண்ட்ராய்டு 6 வைத்திருப்பவர் அதைத் தொட்டுப் பிளே ஸ்டோருக்குப் போனால், அங்கே அவருக்குப் புதுப்பிப்பே இருக்காது. திரும்பி வந்தால் மறுபடி அதே திரை. நிலையத்து ஆள் போனை மூன்று முறை அணைத்துப் போட்டிருக்கிறார், பாவம். அந்தத் திரையைக் காட்டுவதா என்று சர்வர் முடிவெடுக்கும்போது செயலிப் பதிப்போடு ஏபிஐ எண்ணையும் பார்க்க வேண்டும். கீழெல்லைக்குக் கீழே இருப்பவரிடம் புதுப்பிக்கச் சொல்லக் கூடாது. இந்தப் போனில் இதுவே கடைசிப் பதிப்பு, இன்ன தேதிவரை ஓடும் என்று சொல்ல வேண்டும்.

அந்தத் தேதிவரை சர்வர் அந்தப் பழைய செயலியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். தரவில் புதிய புலங்களைச் சேர்க்கலாம். பழைய புலத்தின் பெயரை மாற்றக் கூடாது, எண்ணாக இருந்ததை எழுத்தாக ஆக்கக் கூடாது. எங்கள் சர்வரில் ‘கொழுப்பு’ என்பதற்கான புலத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் முதல் நாளிலிருந்து தவறாகவே இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

பிளே கன்சோலில் புதிய வெளியீட்டைப் போடும்போது பழைய கீழெல்லையோடு தொகுத்த கடைசிப் பொதியையும் (நிறுவும் கோப்பையும்) அதே வெளியீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால், ஏற்கெனவே நிறுவியவர்களிடம் செயலி இருக்கும். ஆனால் போனைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவ வருபவருக்குக் கடையில் ஒன்றும் இருக்காது. இரண்டு பொதிகளில் புதிய போன்களுக்கானதன் பதிப்பு எண் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். இங்கேதான் முன்யோசனை தேவை. பழைய வரிசையின் கடைசி எண் 340 என்றால், புதிய வரிசையை 341-இல் தொடங்காதீர்கள். 1000-இல் தொடங்குங்கள். நாளைக்கு இன்னொரு சான்றிதழ் மாறிப் பழைய போன்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டி வந்தால் 341, 342 என்று போட இடம் இருக்கும்.

அப்படி அனுப்பும் திருத்தத்துக்கும் அந்த ஆண்டின் டார்கெட் விதி பொருந்தும். ஆகவே பழைய வரிசைக்கான கிளையை மூலக்களஞ்சியத்தில் அப்படியே உறையவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, டார்கெட்டை மட்டும் உயர்த்தித் தொகுத்து, ரப்பர் பேண்டு போட்ட போனுக்குப் பக்கத்திலிருக்கும் ஆண்ட்ராய்டு 6 போனில் ஒரு சீட்டு அடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.